கூட வந்த ஆம்பளை

எனக்கு வலித்தது முழங்கால். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் பாதியில் மறித்து, "உங்களுக்கு வலிச்சது காலுங்களா, பல்லுங்களா?" என்று என்னையே குறுக்கு விசாரணை செய்கிறார்கள். கால்தான். இரண்டு முழங்காலும். பல்லில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கடைவாயில் ஒன்று கறுத்திருந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்னும், அவ்வளவுதான். மற்றபடி ஒரு முழுக் கரும்பைக் கத்தி தொடாமல் பல்லாலேயே உரித்துத் தின்றுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் நான்.

அப்போது எனக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்காது. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி. புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் காடு. கடலை, சோளம், கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் கொஞ்சம் மிளகாய். முதல் பையன் பிறந்த சில மாதங்களில் முழங்கால் இரண்டும் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் மடக்க முடியாது. மடக்கினால் நீட்ட முடியாது. களை வெட்ட உட்கார முடியவில்லை, பால் கறக்க உட்கார முடியவில்லை. எருக்கிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டினார்கள். நொச்சித் தழையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். முடக்கத்தான் ரசம் குடித்துக் குடித்து, அந்தக் கொடியை வேலியில் கண்டாலே எனக்குக் குமட்டியது. உட்கார்ந்து வேலை செய்ய முடியாத மருமகளை ஒரு குடியானவர் வீடு எத்தனை நாள் பொறுக்கும்? என் மாமியார் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

சேலம் டவுனில் ஒரு டாக்டர் சொந்தமாகச் சில கட்டில்கள் போட்டு ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார், வாதத்துக்குப் புது வைத்தியம் பார்க்கிறார் என்று சந்தையில் யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டு வந்தார். பஸ் படியில் என்னால் ஏற முடியாது என்பதால் மாட்டு வண்டி கட்டினோம். வண்டி ஓட்டியவர் எங்கள் பண்ணையத்து ஆள். என் மாமனார் காலத்திலிருந்து எங்களிடம் வேலை செய்தவர், தலை பாதி நரைத்தவர். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் அவரை "அவன், இவன்" என்றுதான் பேசினோம். இப்போது எழுத உட்கார்ந்தால் பேனா அப்படி வர மறுக்கிறது. பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு, வண்டியில் வைக்கோல் பரப்பி, காலை நீட்டிப் படுத்தபடி போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். என் வீட்டுக்காரருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. "அதுக்குள்ள செவ்வாப்பேட்டை போயிப் பருத்திக்கொட்டை என்ன வெலை விக்குதுன்னு பாத்துட்டு வந்தர்றேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வண்டிக்காரர் வாசல் வேப்பமரத்தில் மாடுகளைக் கட்டிவிட்டு, என் கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னலுக்கு வெளியே, நடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை. சின்ன வயசு. முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. முழங்காலை அழுத்திப் பார்க்கும்போது நான் முகத்தைச் சுளித்தால் அவரும் சுளிப்பார். காலைப் பார்த்து முடித்தவர், "வாயைத் திறங்க" என்றார். நாட்டு வைத்தியர்கள் நாக்கைப் பார்ப்பார்களே, அப்படி ஏதோ என்று திறந்தேன். உள்ளே வெகுநேரம் பார்த்தார். கடைவாய்ப் பல்லைக் கண்டதும், காணாமல் போன எருமை அகப்பட்டவர் மாதிரி முகம் மலர்ந்துபோனது. நர்ஸிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னார். நர்ஸ் சேலத்துக் கிறிஸ்தவப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தார், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு டாக்டர், "கூட ஆம்பளை யார் வந்திருக்கா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, நர்ஸைக் கேட்டார். நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

டாக்டர் நடைக்குப் போனார். அவர் வருவதைக் கண்டதும் வண்டிக்காரர் எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். டாக்டர் அவசரப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பொறுமையாக, நின்று, விளக்கினார். நான் கைநீட்டினால் ஜன்னல் கம்பியைத் தொடலாம், அவ்வளவு பக்கம். ஆனாலும் தெருவில் போகிற வண்டிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. மூட்டில் வருகிற நோய்க்கு மூட்டில் வேர் இல்லை என்றார். விஷம் வேறு இடத்தில் தங்கி ரத்தத்தில் இறங்குகிறது என்றார். சீமையில் பெரிய பெரிய டாக்டர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் வண்டிக்காரர் "ஆகட்டுங்க சாமி" என்றார்.

"சம்மதந்தானே?"

"ஆகட்டுங்க சாமி."

"அப்புறம் வந்து ஏன் செஞ்சீங்கன்னு கேக்கக் கூடாது."

"ஆகட்டுங்க சாமி."

டாக்டர் திருப்தியாக உள்ளே வந்தார். கேட்காமல் ஒரு காரியமும் செய்யாத டாக்டர் என்று டவுனில் அவருக்குப் பேர் உண்டாம். கேட்டுவிட்டார்.

கத்தி, கத்தரிக்கோலெல்லாம் வெந்நீரில் போடுகிற சத்தம் கேட்டது. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, காலை அறுத்துப் போடுவாங்களா?" என்று கேட்டேன். "சேச்சே, காலைத் தொடவே மாட்டாரும்மா. தூங்கி எழுந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். வலி போறதுக்குத்தான்" என்றார். அந்த அம்மா சொன்னதில் ஒரு பொய் கிடையாது. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். மூக்கின்மேல் ஒரு துணியை வைத்தார்கள். பழுத்து அழுகிய பழம் மாதிரி ஒரு தித்திப்பு வாசனை வந்தது. "எண்ணும்மா" என்றார்கள். பத்துவரைகூடப் போயிருக்க மாட்டேன்.

விழித்ததும் முதல் காரியமாக முழங்காலைத் தடவினேன். இரண்டும் இருந்தன. கட்டு இல்லை, காயம் இல்லை, வீக்கம்கூட அப்படியே இருந்தது. அப்பாடா, ஆத்தா காப்பாற்றினாள் என்று நெஞ்சு குளிர்ந்தது. பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லையே என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. தண்ணீர் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் வாய் நிறையப் பஞ்சு. பஞ்சை நாக்கால் தள்ளினேன். நாக்கு எங்கேயும் முட்டவில்லை. வழக்கமாக முட்டிக்கொள்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, மேலே போனது. எல்லாப் பக்கமும் கூழாக, உப்பாக, ரத்தமாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் ஒரு பீங்கான் கிண்ணம் இருந்தது. அதில் உதிர்த்த சோளம் மாதிரிக் கிடந்தன. சிரித்தால் தெரியுமே, முன்பல் இரண்டு, அவற்றை எனக்கு அடையாளம் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துப் பழகிய பல்லைக் கிண்ணத்தில் பார்த்தேன். கத்தினேன். கத்தினதும் எனக்கே பயமாகிவிட்டது, அது என் குரலாக இல்லை.

சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வெளியே எழுந்து பார்த்த வண்டிக்காரர் அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ ஆத்தா, காலுக்குன்னுதானுங்களே சொன்னாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளையைக் கேட்டாச்சுன்னு சொன்னாரும்மா, ஆம்பளையைக் கேட்டாச்சுன்னு சொன்னாரு" என்று அந்த ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் பருத்திக்கொட்டை விலையோடு வந்தபோது நான் இப்படிக் கிடக்கிறேன். முதலில் அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டி, வாயோரம் ரத்தம் வழிய, ஒரே காலையில் அவருடைய பெண்டாட்டி கிழவியாகிக் கிடந்தாள். அவர் போட்ட சத்தத்தில் மற்ற கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆரக் கேட்டுப் புடுங்குனீங்க? ஆரக் கேட்டு?"

சரியான கேள்வி. எனக்கு அந்த வேதனையிலும் அவர்மேல் ஒரு வாஞ்சை பொங்கியது. எனக்காக ஒருத்தர் கேட்கிறாரே என்று.

டாக்டர் வந்தார். "உங்க ஆளைக் கேட்டுத்தானே செஞ்சேன்" என்று வண்டிக்காரரைக் காட்டினார். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "அவனா? அவன் வண்டியோட்ற பண்ணையாளுங்க. நான்தானுங்க ஊட்டுக்காரன்!" டாக்டருடைய முகம் செத்துப்போனது. உண்மையாகவே பதறிவிட்டார். ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு என் வீட்டுக்காரரை உட்காரச் சொன்னார். காப்பி வரவழைத்தார். "தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு. உங்களைக் கேட்டிருக்கணும். நான் இவரைப் பெண்ணோட அப்பான்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கால்சட்டை போட்ட ஒருத்தர் நாற்காலி போட்டு எங்கள் வீட்டுக்காரரை உட்காரவைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கோபம் காப்பி ஆறுவதற்கு முன்பே ஆறிவிட்டது. வாதம் எப்படிப் பல்லிலிருந்து இறங்குகிறது, ஆறு மாதத்தில் நான் எப்படி ஓடுவேன் என்றெல்லாம் டாக்டர் சொல்ல, இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தப்பு நடந்தது, தப்புக்கு மன்னிப்புக் கேட்டாயிற்று, மன்னித்தாயிற்று. நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன், வாயில் பஞ்சோடு. இரண்டு பேரில் ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை.

வலியைவிட அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பல் பிடுங்கினது ஏதோ தெரியாமல் செய்தார்கள். இது தெரிந்து, காப்பி குடித்துக்கொண்டு, என் கண்ணெதிரே நடந்தது.

ஊருக்கு வந்தோம். அப்போதுதான் என் பையனுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அம்மாவும் பிள்ளையும் ஒரே கிண்ணத்தில் குழைந்த சோறு தின்றோம். அவனுக்கு என் பொக்கைவாயைப் பார்த்தால் ஒரே கும்மாளம், கையை உள்ளே விட்டு ஈறைத் தடவுவான். அவன் முன்னால் மட்டும் வாயை மூடாமல் இருந்தேன். மற்றவர்கள் வந்தால் முந்தானையால் மறைத்துக்கொள்வேன். தண்ணீர் எடுக்கப் போனால் ஒத்த வயசுப் பெண்கள் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். பாவம் என்று பார்த்தார்கள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குச் சொல் வந்தது, ஆனால் காற்றாக வந்தது, கேட்கிறவர்கள் "என்ன, என்ன?" என்று காதைச் சாய்த்தார்கள். அதற்குப் பயந்தே நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

செய்தி கேட்டு என் அப்பாவும் தாய்மாமனும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பெரிய நியாயமே நடந்தது.

"பெத்தவன் நான் உசுரோட இருக்கறேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தாட்டி உட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார் அப்பா.

"எனக்கே தெரியாதுங்க மாமா. ஊட்டுக்காரன் என்னையே ஆரு கேட்டாங்க?" என்றார் இவர்.

தாய்மாமனுக்குத்தான் ஆவேசம். "காது குத்தறதுக்கு எம்பட மடி வேணுமாம். பல்லப் புடுங்கறதுக்கு மட்டும் வண்டிக்காரனா?" என்று கட்டிலில் கையை ஓங்கி அடித்தார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பேராக வந்தது. புருஷனை. அப்பனை. மாமனை. குலசாமியை. மாமியார்கூட, "பையனப் பெத்தவ நானு, என்னைய ஒரு சொல்லு கேட்டாங்களா" என்றார். வரும் வரும் என்று காத்திருந்தேன். பொழுது இறங்கிவிட்டது, பேச்சும் முடிந்துவிட்டது, கோழி அடித்துச் சாப்பிட்டுவிட்டு நல்லபடியாகப் பிரிந்தார்கள். என் பேர் வரவில்லை.

நியாயத்தின் முடிவு வண்டிக்காரர் தலையில் விழுந்தது. இவர்கள் காலில் விழச் சொன்னார்கள், விழுந்தார். இனிமேல் இந்தப் பண்ணையத்துப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். போகும்போது மாட்டுக் கொட்டகைப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்பதற்குள் அவரே சொன்னார்:

"அம்மணி, அந்த மாதிரி ஒருத்தரு நின்னு சம்மதமான்னு கேட்டா வேற என்னுங்க சொல்றது? மாட்டேன்னு சொல்றதுக்கு எங்கள ஆருங்க இதுவரைக்கும் கேட்டிருக்காங்க?"

எனக்கும் அதே கதைதான் என்று அப்போது நெஞ்சில் தைத்தது. அழுதேன். அவர் எங்கள் காட்டைக் குறுக்கே கடந்து போய்விட்டார்.

டாக்டர் சொன்ன ஆறு மாதமும் ஆயிற்று. ஓடவில்லை. வீக்கம் ஒரு நெல்லளவும் குறையவில்லை. என் வீட்டுக்காரர் சேலம் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனிதர் நடையில் ஒரு மிதப்பு இருந்தது. மறுநாள் என் அப்பாவைப் பார்க்கப் போனார். அப்புறம் மாமனைப் பார்க்கப் போனார். நான் இதையெல்லாம் ஏதோ நிலம், கிணறு சம்பந்தமான பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பினோம், குலசாமிக்குக் கெடா வெட்டு என்றார்கள். சந்தோஷமாகத்தான் போனேன்.

கோயிலில் முதலில் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே இலையில் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. எல்லார் முகமும் தெளிந்தது. எதற்குப் பூக் கேட்டீர்கள் என்று பக்கத்தில் நின்ற என் அத்தையிடம் கேட்டேன்.

"உனக்குத்தாங் கண்ணு. வர்ற திங்கக்கெழமை தொண்டையில என்னமோ சதையாம், அத அறுத்துட்டா முட்டிவலி போயிருமாமே. உம்பட ஊட்டுக்காரரு சொல்லலையா?"

ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை முறைப்படி நடந்திருக்கிறது! டாக்டர் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார். இவர் என் அப்பாவைக் கேட்டிருக்கிறார். தாய்மாமன் சரி என்றிருக்கிறார். சாமியே வெள்ளைப் பூக் கொடுத்துவிட்டது. தொண்டை மட்டும் என்னுடையது.

அதற்குள் கெடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேச்சேரிப் பக்கத்துச் செம்மறிக் கெடா, நல்ல செவலை. மாலை போட்டு மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளித்தார்கள். எங்கள் பக்கத்தில் கெடா துளுக்கினால்தான் வெட்டுவார்கள். துளுக்குவது என்றால் தெளித்த தண்ணீரை அது தானாக உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால்தான் சம்மதம். யாரும் உலுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அன்றைக்குக் கெடா துளுக்கவில்லை. மறுபடியும் தெளித்தார்கள். அது பாட்டுக்குக் கீழே கிடந்த இலையை மோந்துகொண்டிருந்தது. பூசாரி கெஞ்சினார். மாமன் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, என்ன கொறை இருந்தாலும் பொறுத்துக்க சாமி, நல்ல உத்தரவாக் குடு சாமி" என்று என் வீட்டுக்காரர் அதன் முன்னால் குனிந்து நின்றார். அத்தனை ஜனமும் வெயிலில் மூச்சுவிடாமல் நின்றது.

நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு முன்னால் போனேன். "இதக் கேக்கத் தெரியுதுங்களே! என்ற வாயி, என்ற தொண்டை, ஒருத்தராச்சும் என்னையக் கேட்டீங்களா?" என்று கத்தினேன். பொக்கைவாயில் பாதிச் சொல் காற்றாகத்தான் போயிருக்கும். சின்னப் பிள்ளைகள் இரண்டு சிரித்தன. என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. மாமன்தான் சமாதானமாக, "என்ன கண்ணு இப்பிடிப் பேசற? உனக்கு நல்லா ஆகோணும்னுதானே எல்லாருஞ் சேந்து கேட்டுட்டிருக்கறோம்" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். நான் மேலே சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கெடா தலையிலிருந்து வால்வரை சிலிர்த்து உதறியது.

"துளுக்கிருச்சு! துளுக்கிருச்சு!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. பெண்கள் குலவையிட்டார்கள். என் பேச்சு அதில் அடித்துக்கொண்டு போயிற்று.

திங்கட்கிழமைக்கு இவரே வண்டி ஓட்டினார். வேறு ஆளை அழைத்துக்கொண்டு போக அவருக்கு இப்போது பயம். ராசிபுரம் பிரிவு தாண்டினோம். பிறகு அவர், மாட்டைப் பார்த்துக்கொண்டே, "சாமியே உத்தரவு குடுத்திருச்சு. பயப்படாத புள்ள" என்றார்.

"சாமிக்கா பல்லுப் போச்சு?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அப்புறம் சேலம் வரும்வரை மாட்டை ஒரு அதட்டுக்கூடப் போடவில்லை.

டாக்டர் முன்னைவிட மரியாதையாக வரவேற்றார். நாற்காலி வந்தது, காப்பி வந்தது. எனக்குப் பெஞ்சி. நர்ஸ் என்னைப் பார்த்ததும் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டார். டாக்டர் என் வீட்டுக்காரரிடம் தொண்டைச் சதையைப் பற்றி எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை விளக்கிவிட்டு, "வீட்ல எல்லாரையும் கலந்துக்கிட்டீங்கல்ல? உங்களுக்குச் சம்மதந்தானே? ஆரம்பிச்சிடலாமா?" என்றார்.

"வேண்டாங்க" என்றேன் நான்.

முடிந்த மட்டும் திருத்தமாகத்தான் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். என் பேச்சு புரியவில்லையா, என் பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லையா, எனக்குத் தெரியவில்லை. இனி இவர் என்ன சொல்கிறாரோ அதுதான் நான் சொன்னது என்று ஆகிவிடும். எழுந்து ஓடலாமென்றால் கால் ஓடுகிற காலா?

என் வீட்டுக்காரர் காப்பி டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"ஏனுங்க டாக்டரு, அன்னிக்கு நீங்க என்னையக் கேக்காத உட்டப்ப எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். இந்த எடத்துல நின்னு எத்தன சத்தம் போட்டேன்." என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "போனது என்ற பல்லுகூட இல்லீங்களே."



"அவளக் கேளுங்க" என்றார் இவர்.

டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். அந்த மனிதர் என் கண்ணைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குக்கூட என்னிடம் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்.

"உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"இல்லீங்க. வேண்டாங்க."

"ஏன்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை எடுத்தேன். வாயை எவ்வளவு அகலம் திறக்க முடியுமோ அவ்வளவு அகலம் திறந்து, அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அவர் ஒரு தரம் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். நான் மூடவில்லை. அவர் மறுபடி நிமிர்ந்து பார்க்கிறவரைக்கும் திறந்தே வைத்திருந்தேன்.